சொல்லட்டா ஆன்டி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். அந்த ஆன்டி வருவது தெரிந்தால் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர் வம்பு பேசுகிறவர் இல்லை, யாரையும் திட்டியதும் இல்லை. கதையின் முடிவைச் சொல்லிவிடுவார். அது ஒன்றுதான் அவர் மேல் இருந்த குற்றம்.

"சொல்லட்டா?" என்று கேட்பார். கேட்பது ஒரு மரியாதைக்குத்தான். நாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ராஜாவுக்கு விஷம் வைத்தது யார், முகமூடிக்காரன் யாருடைய பிள்ளை, இளவரசிக்கு யாரோடு கல்யாணம் எல்லாம் வெளியே வந்துவிடும். பிள்ளைகள் நாங்கள் அவருக்கு 'சொல்லட்டா ஆன்டி' என்றே பெயர் வைத்துவிட்டோம். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது.

எழுபதுகளில் மெட்ராஸ் வாரப் பத்திரிகைகள் எங்களுக்குக் கப்பலில் வரும். ஒன்றரை மாதம் பழையதாகத்தான் வந்து சேரும். அதில் வரும் சரித்திரத் தொடர்கதைக்காக ஊரே காத்திருக்கும். எங்கள் வரிசைக்கு ஒரே பிரதி. வீடு வீடாக முறை வைத்துப் போகும், எங்கள் வீடு ஐந்தாவது. ஆன்டிக்கு முறையெல்லாம் தேவைப்படவில்லை. கும்பகோணத்தில் இருந்த அவருடைய தங்கை வாரம் தவறாமல் நீல ஏர் லெட்டர் போடுவார். அது பத்து நாளில் வந்துவிடும். முதல் இரண்டு வரியில் வீட்டார் எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி, மழை இல்லை. அப்புறம் 'நிற்க' என்று ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு கடிதம் முழுக்க அந்த வாரக் கதை. ஒட்டுகிற மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார். இப்படியாக கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த அத்தனை வாசகர்களையும்விட ஆன்டி ஒரு மாதம் முன்னால் இருந்தார்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை அம்மா கேட்டதற்கு ஆன்டி காரணம் சொன்னார்.

"எனக்குக் கல்யாணம் ஆகிக் கப்பல் ஏறினப்ப, தொடர்கதையில இளவரசியப் பாதாளச் சிறையில போட்டிருந்தாங்கக்கா. தண்ணி வேற ஏறிக்கிட்டு இருந்துச்சு. கப்பல்ல ஏழு நாளும் அழுதேன். ஊரை விட்டு வந்ததுக்கு அழறேன்னு என் வீட்டுக்காரர் நினைச்சுக்கிட்டாரு. பாவம் மனுஷர், ஆரஞ்சு எல்லாம் வாங்கிக் குடுத்தாரு. அவ பொழைச்சாளா இல்லையான்னு மூணு மாசம் தெரியாம கெடந்தேன். அந்த மாதிரி யாரும் கெடக்கக் கூடாதுன்னுதான் சொல்லிடறேன்."

அவர் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. சாந்தமான மனிதர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "அவர்கிட்ட ஒரு ரகசியமும் இல்ல பாப்பா" என்று ஆன்டி என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். "கொடி காட்டுவாரு, விசில் ஊதுவாரு, வந்து சோறு தின்பாரு. ஆம்பளைன்னா ஒரு ரகசியம் இருக்கணும். இல்லன்னா அத்தியாயம் எப்படி ஓடும்?" ஆன்டிக்குப் பருத்த உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி, அது நழுவாமல் இருக்கப் பின்னால் கட்டிய கறுப்புக் கயிறு, மடியில் ஒரு பொட்டலம் கச்சாங் கடலை. அப்படி உட்கார்ந்து அவர் படிப்பதைப் பார்த்தால், கோட்டை மதிலில் நூலேணி கட்டி ஏறிக்கொண்டிருப்பது அவரேதான் என்று தோன்றும்.

எனக்குப் பதினாறு வயதில் அவரோடு பெரிய சண்டை வந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடரில் தஞ்சைக் கோட்டைக்கு ஒரு குதிரை வியாபாரி வருவான். யாருக்கும் தெரியாமல் இளவரசியைச் சந்திப்பான். அவன் எதிரி நாட்டு ஒற்றனா, உண்மையிலேயே காதலிக்கிறானா என்பதுதான் மர்மம். ஒன்றரை வருடமாக அது எனக்கும் தெரியவில்லை, இளவரசிக்கும் தெரியவில்லை. அவளைவிட நான்தான் அதிகம் தவித்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமில்லை. தண்ணீர்க் குழாயடியில் வாளியோடு நின்றபோது ஆன்டி வந்தார்.

"சொல்லட்டா? குதிரைக்காரன்தான் ஒற்றன். ஆனா கவலப்படாத, அவளையே கட்டிக்கிறான்."

வாளியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி அழுதேன். மூன்று மாதம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார், தொடவில்லை. கடைசியில் ஒருநாள் அவரே வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் கலங்கியிருந்தது. என் தலையில் கையை வைத்து, "சத்தியமா பாப்பா. இனிமே உனக்கு மட்டும் எந்த முடிவையும் சொல்ல மாட்டேன்" என்றார்.

சொன்னபடி நடந்தார். என்னைக் கண்டால் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். உள்ளே கதை முட்டுவது கன்னத்தில் தெரியும். இதைக் கண்டுபிடித்த மற்ற வீட்டுப் பெண்கள், பத்திரிகை கைக்கு வந்ததும் "இங்க வந்து உக்காரு பாப்பா" என்று என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்கள். நான் இருக்கும் இடத்தில் ஆன்டி வாய் திறக்க மாட்டாரே.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வரன் வந்தால் ஆள் விட்டு விசாரிப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வரிசையில் அந்த ஆள் ஆன்டிதான். ரயில் பாஸ் இருந்தது, முகத்தில் கள்ளம் இல்லை, படித்த கதைகளிலிருந்து கற்ற தந்திரங்கள் ஏராளம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் பருப்பு வாங்குகிற சாக்கில் ஒரு மணி நேரம் நிற்பார். வாடகைக்கு வீடு தேடுகிறேன் என்று தெரு முழுக்க ஏறி இறங்குவார். தாகம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குள்ளேயே நுழைந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வருவார். அப்புறம் பெண் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பிப்பார். மாப்பிள்ளை துவைத்த சட்டையை உதறாமல் காயப்போடுகிறான், சோம்பேறி, வேண்டாம் என்று ஒரு வரனையே கலைத்திருக்கிறார். அவரால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அவர் சொன்னால் ஊர் நம்பியது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கிள்ளானிலிருந்து வரன் வந்தது. துறைமுகத்தில் கிளார்க் வேலை. அப்பா இல்லை, அம்மா அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார், அத்தை வளர்த்த பிள்ளை என்றார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவர் காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தார். நான் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அப்பாதான் முடிவு செய்யவில்லை. ஸ்டேஷனில் ஒரு நிமிஷத் தாமதத்தைக்கூடப் பொறுக்காத மனிதர் அவர். குடும்பத்தில் ஒரு சின்னக் கறை என்றாலும் வேண்டாம் என்றுவிடுவார்.

"தங்கச்சி, ஒரு தடவை போய்ட்டு வந்துரும்மா. நீ சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டுத் தட்டு மாத்திக்கிறேன்" என்று ஆன்டியிடம் சொன்னார்.

ஆன்டி மூன்று ஞாயிற்றுக்கிழமை போனார். ஒரு வரனுக்கு ஒரு நாள்தான் அவர் வழக்கம். மூன்றாம் வாரம் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்தார். நான் கதவருகே நின்றேன். தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுகிறவர் அன்று மெல்லப் பேசினார். புடவைத் தலைப்பு வாயருகே இருந்தது. பல்வலி போல என்று நினைத்தேன்.

"நல்ல பையன்ணே. முடிச்சிருங்க."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லண்ணே."

கிள்ளான் கோயில் மண்டபத்தில் கல்யாணம். அன்று ஆன்டியின் அட்டகாசம் தாங்கவில்லை. கண்ணாடியைக் காணவில்லையாம். தூணில் மோதினார், நாதஸ்வரக்காரரை மாப்பிள்ளையின் மாமா என்று நினைத்து வணக்கம் சொல்லி நலம் விசாரித்தார். தாலி கட்டி முடிந்ததும் ஓர் அம்மாளைக் கைப்பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார். யார் யாருக்கு வழிகாட்டினார்கள் என்று சொல்வது கஷ்டம், இருவருமே தடுமாறிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாள் வெந்தய நிறப் பட்டுடுத்தி, முகத்தில் பாதியை மறைக்கிற பெரிய கண்ணாடி போட்டிருந்தார்.

"என் ஒண்ணுவிட்ட அக்கா, கேரி தீவுத் தோட்டத்துல இருக்கு. விழுந்து கும்பிடுங்க ரெண்டு பேரும்" என்றார் ஆன்டி.

விழுந்தோம். நான் எழுந்துவிட்டேன், அவர் எழவில்லை. நேரமாகியும் எழவில்லை. விரதம் இருந்த மயக்கம் என்று யாரோ சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்கள். போட்டோக்காரர் அப்போது ஒன்று எடுத்தார். ஆல்பத்தில் ஏழாவது பக்கம். பிற்பாடு யாராவது அதைப் பார்த்து 'இது யாரு?' என்று கேட்டால், 'எங்க பிரிக்பீல்ட்ஸ் ஆன்டிக்குச் சொந்தம்' என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

பதினோரு வருடம் அப்படித் திருப்பினேன். என் வீட்டுக்காரர் மாதத்தில் இரண்டு ஞாயிறு யூனியன் கூட்டம் என்று போவார். சுரங்கப்பாதையும் ரகசிய ஓலையும் நூறு கதைகளில் படித்து, துரோகி யார் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிற நான், யூனியன் கூட்டத்தில் யார் மீன் குழம்பு வைப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் சட்டையில் அந்த மணம் வரும். கூட்டத்தில் சாப்பாடு போடுகிறார்கள் போல என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தவர் காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். "எங்கம்மா சாகல" என்றார்.

அவர் அப்பா அடிக்கிற மனிதர். அடி பொறுக்காமல் அம்மா வீட்டை விட்டுப் போய், கேரி தீவில் ஒரு லோரி டிரைவரோடு வாழ ஆரம்பித்திருக்கிறார். அவமானம் தாங்காத குடும்பம் அவர் செத்துவிட்டதாகச் சொல்லி, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மொட்டையடித்துக் கருமாதியே செய்துவிட்டது. பதினைந்து வயதில் பிள்ளை அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான். இப்போது அந்த டிரைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா படுத்த படுக்கை, பார்க்க ஆள் இல்லை.

"நீங்க போய்ப் பாக்கறது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்க ஆன்டிக்கு மட்டும்தான்" என்றார்.

விசாரிக்க வந்த ஆன்டி கிள்ளான் பஸ்ஸில் இவருக்கு இரண்டு சீட்டுப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். தோட்டத்துச் செம்மண் சாலையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது அடி விட்டுத் தொடர்ந்திருக்கிறார். உச்சி வெயில், அந்த உடம்பு. கால் மைல் போனதும் மூச்சு வாங்கிக் குரல் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா நடங்க. ஒங்கள ஃபாலோ பண்ண முடியல."

இவர் திரும்பி வந்து, யாரென்றே தெரியாமல், அவர் பையை வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றாகவே அம்மாவின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஆன்டி தண்ணீர் குடித்தார், கதை முழுவதையும் கேட்டார், அம்மாவோடு சேர்ந்து அழுதார். அடுத்த இரண்டு ஞாயிறும் போய் மீன் குழம்பு சாப்பிட்டார். "இத நீங்கதான் அவகிட்ட சொல்லணும் தம்பி. நான் சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு அம்மாவைக் கொண்டுவந்ததும் அவர் யோசனைதான். அத்தைக்கு அடையாளம் தெரிந்துவிடுமே என்று இவர் பயந்தபோது, தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி அந்த அம்மாளுக்கு மாட்டிவிட்டாராம். கதைகளில் மகாராணிக்கு முகமூடி, எங்கள் கல்யாணத்தில் கயிறு கட்டிய கண்ணாடி.

இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "கூட்டிட்டு வாங்க" என்றேன்.

லோரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முன்னறையில் கட்டில் போட்டேன், தெரு தெரியட்டும் என்று. சாயங்காலம் ஆல்பத்தை எடுத்துக் கட்டிலருகே உட்கார்ந்து ஏழாவது பக்கத்தைக் காட்டினேன். மாமியார் வெகு நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு ஒண்ணுமே தெரியல தாயி" என்றார். "அந்தக் கண்ணாடில எல்லாம் கலங்கலா இருந்துச்சு. செகப்பா நீ வந்து நின்ன, வெள்ளையா அவன் நின்னான். அவ்வளவுதான் பாத்தேன். மூஞ்சி தெரியல."

அப்புறம் என் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, அவசரப்படாமல் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு மாதம் எங்களோடு இருந்தார். என் சமையலில் உப்பு குறைவு என்பார், பேரப்பிள்ளைகளுக்குக் கச்சாங் வறுத்துக் கொடுக்கச் சொல்வார். ஒரு காலையில் தெருவைப் பார்த்தபடியே போய்விட்டார். ஒன்பது வயதில் செய்த கருமாதியை என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை செய்தார், இந்த முறை நிஜமாக.

பதினாறாம் நாள் முடிந்த கையோடு நான் பூச்சோங்குக்குப் போனேன். ஆன்டியின் வீட்டுக்காரர் ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து அங்கே மகன் வீட்டோடு போய்விட்டார்கள். தீபாவளி வாழ்த்து அட்டை தவிர எங்களுக்குள் வேறு தொடர்பு இல்லை. சண்டை போடத்தான் போனேன். பதினோரு வருடம் எனக்கு ஒரு மாமியார் இருந்திருக்கிறார், எனக்குக் கிடைத்தது நான்கு மாதம். அந்தக் கோபம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஆன்டி இளைத்திருந்தார். கண்ணில் புரை விழுந்து படிப்பு நின்றுபோயிருந்தது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது என்றார். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நான் உட்காரக்கூட இல்லை.

"ஏன் ஆன்டி என்கிட்ட சொல்லல?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "சத்தியம் பண்ணிருந்தேன்ல பாப்பா" என்றார்.

"அது கதைக்குப் பண்ணின சத்தியம்."

"தெரியும் லா." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "ஒன்கிட்ட சொன்னா நீ ஒங்கப்பாகிட்ட மறைக்க மாட்ட. அவரு அன்னிக்கே வேணாம்னிருப்பாரு. என் பையை வாங்கிக்கிட்டு முன்னாடி நடந்தான் பாரு அந்தப் பையன், அவனை ஒனக்கு இல்லாம ஆக்க எனக்கு மனசு வரல. கல்யாணம் ஆன மறு வாரமே சொல்லிருவான்னு நெனைச்சேன். இத்தனை வருஷம் இழுப்பான்னு நெனைக்கல. தப்புதான் பாப்பா. வாயில வந்து வந்து நின்னுச்சு. ஒங்க வீட்டுக்கு நான் வராம இருந்ததே அதுக்குத்தான்."

திட்டுவதற்கு நான் கொண்டுபோன வார்த்தைகள் நிறைய இருந்தன. எதையும் சொல்லவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் முடிவைச் சொல்லிப் பழகிய அந்த வாய், எனக்காகப் பதினோரு வருடம் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஆன்டி மெல்லக் கேட்டார். "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க? எனக்கு யாரும் சொல்லல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதம் ஓர் இளவரசிக்காக அழுதவர், இந்த ஒரு கதையின் முடிவு தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறார். கும்பகோணத்திலிருந்து இதற்குக் கடிதம் வராது.

"சொல்லட்டா ஆன்டி?" என்றேன்.

அவர் சட்டென்று கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். என் குரலிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"முடிவைச் சொல்லிடாத" என்றார். "முதல்லேருந்து சொல்லு."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் வாசலில் லோரி வந்து நின்ற காலையிலிருந்து ஆரம்பித்தேன்.